கசடுக்குச் சூடம்

போன மாதம் ஒரு காலையில் தங்கச்சி செல்வி போன் பண்ணினாள். எடுத்ததும் அழுகை! "அண்ணே, சாம்பிள்ல கிருமி வந்துட்டு. திட்டத்தையே நிறுத்திருவோம்னு சொல்லுதாங்க…"

விஷயம் இதுதான். செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் கசடைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் அவளுக்கு லேப் வேலை. இரும்பிலிருந்து செய்த ஒரு மருந்தைக் கசடில் கலக்கிறார்கள். ஊற்றும்போது நாவல்பழ நிறம். கிருமிகளோடு மல்லுக்கட்டி முடித்ததும் துரு நிறம். அப்புறம் காயவைத்தால், எரு ரெடி.

முகம் சுளிக்கிறீர்களா? லாரிக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் திறந்துவிட்டுப் போகிறாரே… அது மட்டும் பரவாயில்லையா?

இந்த எருவைப் போட்டுப் பார்க்க எந்த விவசாயியும் நிலம் தரவில்லை. கடைசியில் செல்வியின் வீட்டுக்காரர் காளிராஜ்தான் கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் தன் பிச்சிப்பூத் தோட்டத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினார். நிலையத்திலிருந்து கிளம்பும்போது சுத்தமாக இருந்த எரு, தோட்டத்தில் குவித்து வைத்த சில நாளில் கிருமி காட்டுகிறது. எப்படி?

சங்கரன்கோவிலிலிருந்து பைக்கை விரட்டினேன். தோட்டத்தில் செல்வியும் காளிராஜும் நின்றார்கள். குவியலின் மேலே பச்சையாக ஒரு படலம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"மாப்ளே, இதுல என்னத்த ஊத்துனீரு?"

"சாணி கரைச்சுத் தெளிச்சேன் மச்சான்" என்றார் காளிராஜ், பெருமையாக. "நம்ம பூ சாமிக்குப் போகுதுல்லா? கக்கூஸ்ல இருந்து வந்தத அப்படியே தோட்டத்துக்குள்ள விட மனசு வரல. அதான் சுத்தம் பண்ணிட்டேன்."

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அங்கன கஷ்டப்பட்டுக் கொன்ன கிருமிய, நீங்க இங்கன திரும்ப ஊத்தியிருக்கிய!"

"சாணில கிருமியா? அப்போ தினமும் வாசல்ல நீ தெளிக்கியே, அது என்னட்டி?"



அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஊரே ஒதுங்கியபோது நிலம் கொடுத்த மனுஷன் அவர். லேப் ரிப்போர்ட் கிருமி செத்ததைச் சொல்லும். மனசில் இருக்கிற அருவருப்பு சாவதற்கு அது போதுமா? அதற்கு நாம் ஒரு வழியும் யோசிக்கவில்லை. அவராக ஒரு வழி கண்டுபிடித்தார், அது வினையாகிவிட்டது.

"அடுத்த லோடுக்குச் சாணி வேண்டாம் மாப்ளே. சூடம் காட்டும், போதும்" என்றேன். சூடத்தில் எந்தக் கிருமி ஒட்டும்?

நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள் செல்வி. புது எரு வந்து இறங்கியது. காளிராஜ் குளித்துவிட்டு வந்து, குவியலுக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். ரிசல்ட் வந்தது… சுத்தம்! பிச்சிச் செடிகளுக்கு அவரே தன் கையால் அள்ளிப் போட்டார்.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரரும் ஒரு லோடு கேட்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்துச் சூடம் வாங்கி வைத்திருப்பது யார் தெரியுமா? கெமிஸ்ட்ரி படித்த என் தங்கச்சிதான்!