பேர் சொல்லாத பூச்சி

எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. பூச்சி என்போம். இரவில் மட்டுமல்ல, பட்டப்பகலிலும் அப்படித்தான். செஞ்சிக்குப் பக்கத்தில், எங்கள் சிங்கவரம் மலையில் பெருமாள் படுத்திருப்பதே அதன் மேல்தான். அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி?

போன வருஷம் வேர்க்கடலை பிடுங்கி முடித்திருந்த சமயம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எங்கள் நிலத்துக்கு வந்து, பூச்சிகளைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"மருந்தடிக்கவாம்மா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லக்கா, சும்மா பார்க்கத்தான். அதான் எங்க படிப்பு."

"இதுக்கும் ஒரு படிப்பா!" என்று சிரித்தாள் அவள். எங்களுக்குத் தெரிந்து, பூச்சியைத் தேடுகிறவன் அதைக் கொல்லத்தான் தேடுவான். பார்ப்பதற்கென்றே ஒரு பிள்ளை பஸ் ஏறி வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வரப்போரம் கிடந்த கற்குவியலில் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் மோர் கொண்டுபோனேன். அவள் கையை விட்டிருந்த இடுக்கிலேயே ஒரு வால் நெளிந்து உள்ளே போவதைப் பார்த்தேன்.

"பாப்பா, கைய எடு! பூச்சி! பூச்சி!"

"எங்க அங்கிள்?" கை இன்னும் உள்ளே போனது.

"பெரிய பூச்சிம்மா!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கத்தாதீங்க அங்கிள், ஓடிடப் போவுது."

இனி வேறு வழியில்லை. பெருமாளே என்று நினைத்துக்கொண்டு, "பாம்பு!" என்று அலறிவிட்டேன்.

கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். அது வெளியே வந்து, வரப்பைத் தாண்டி வேலிக்குள் போய்விட்டது.

"மொதல்லயே சொல்லக் கூடாதா அங்கிள்?" அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சொல்லிட்டேதானம்மா இருந்தேன்."

சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள். "இன்னாய்யா, செஞ்சிக்கே கேக்கற மாதிரி பேர சொல்லிட்ட? மலைக்குப் போயி கும்புட்டு வா." அழுகைக்கு நடுவே அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் மலையேறினேன். 'பிள்ளையோட கைக்காகத்தான் பேரச் சொன்னேன் சாமி, அலட்சியமா இல்ல' என்று சொல்லிக் கும்பிட்டேன். அவர்கள் படிப்பில் எல்லா உயிருக்கும் பேர் வைத்துத்தான் பழகுகிறார்கள். நாங்கள் பேரை உள்ளே வைத்துக்கொண்டு பழகியவர்கள்.

அடுத்த முறை அவள் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"அங்கிள், இன்னிக்கு பூச்சி இருக்குதா?"

"எந்தப் பூச்சிம்மா?"

"பேரெல்லாம் வேணாம். கல்லத் தொடலாமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க."