வியாழக்கிழமைக்கென்று ஒதுக்கிய இடம்: திண்டுக்கல்லில் உயர அடி ஷூ

2007 மே மாதக் கடைசி. அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறப்பு. என் மகள் நிலா ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போகிறாள். புத்தகம், சீருடை எல்லாம் தயார். ஷூ மட்டும் இல்லை. அவளுக்கு இடது கால் வலதைவிட ஒன்றேகால் அங்குலம் குட்டை. கரூரில் தெரிந்தவர் ஒட்டிக்கொடுத்த ரப்பர் அடி மாடிப்படியில் பிய்ந்துபோக, விழுந்து எழுந்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். எப்போதும் அதே பதில்தான். எதற்கும் புலம்பாத பிள்ளை என்று சொந்தக்காரர்களிடம் நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. ஆனால் ஒட்டுப்போட்ட ஷூவோடு புதுப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

திண்டுக்கல்லில் குட்டைக் காலுக்கு அடி உயர்த்தித் தருகிற ஒரு சின்ன ஷூ பட்டறை இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். போன் செய்தேன். "வியாழக்கிழம இடம் ஒதுக்கி வச்சிருக்கோம், வாங்க" என்றது ஒரு பெண் குரல். நமக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், இனி என்ன கவலை என்று இருந்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

கரூரில் காலை 7.15 பேருந்து. அரவக்குறிச்சி, வேடசந்தூர் வழியாக ஏறக்குறைய 75 கிலோமீட்டர். எனக்கு 26 ரூபாய், நிலாவுக்கு 13. திண்டுக்கல்லில் இறங்கும்போது 9.30. இடம்தான் இருக்கிறதே என்று கோட்டையை அடிவாரத்திலிருந்து வேடிக்கை பார்த்தோம். பதினொன்றுக்குப் பிரியாணிக் கடையில் உட்கார்ந்தோம். ஊருக்கு வந்துவிட்டுப் பிரியாணி சாப்பிடாமல் போனால் பாவம் அல்லவா? பட்டறை வத்தலக்குண்டு சாலையில் நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 40 ரூபாய். உள்ளே நுழையும்போது மணி 12.20.

போனில் பேசிய மேரிதான் அங்கே மேற்பார்வை. என்னைவிட இளையவர். சுவரில் ஒரு கரும்பலகை. மற்ற நாட்களுக்கு நேரே மொத்தமாக வாங்கும் கடைகளின் பெயர்கள். வியாழன் காலைக்கு நேரே எந்தப் பெயரும் இல்லை, 'உயர அடி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"அக்கா, பன்னெண்டு வரைக்கும்தான் ஆள் எடுப்போம். அச்சு மாத்துறதுக்கு முன்னால இன்னும் ஒரு சோடிக்குத்தான் நேரம் இருக்கு. அதுவும் இந்த அய்யாவுக்கு" என்றார் மேரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "போன்ல எனக்கு இடம் இருக்குன்னு சொன்னீங்களே!"

"கோவிக்காதீங்க அக்கா. உங்க பேருக்கு இல்ல, இந்த மாதிரி ஷூ அம்புட்டுக்கும் சேத்துத்தான் இடம். அச்சு மாத்த ஒன்றர மணி நேரம் ஆகும். தெனம் ஒரு சோடிக்காக மாத்த ஏலாது. அதான் வாரத்துல ஒரு காலைய இதுக்குன்னே விட்டுருக்கோம். சீசன்ல கூட, பன்னெண்டு வரைக்கும் ஆள் வராட்டி மிசினு சும்மாதான் கெடக்கும், இன்னிக்கும் கெடந்துச்சு. அதுக்கப்பறம் ஸ்கூல் ஷூவுக்கு விட்டே ஆகணும்."

சும்மா கிடந்த நேரத்தில் நான் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். யாரைத் திட்டுவது?

எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்து பெஞ்சில் இருந்த அந்த அய்யா கீரனூர் விவசாயி. அவருக்கு வலது கால் குட்டை. எங்கள் சண்டையை விட்டுவிட்டு நிலாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, என்னோடத விட்டுட்டுக் கொழந்தைக்குப் போட்டுடுங்க. அதுக்குப் பள்ளிக்கோடம் இருக்குது. நான் அடுத்த வியாழக்கெழம வர்றனுங்க" என்றார். அவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று கும்பிட்டேன். மேரி என்னைப் பார்க்காமல் அளவு நாடாவை எடுத்தார்.

அளவு எடுத்து முடிந்ததும் நிலா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன்னைப் போல ஒருவரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இருவருக்கும் ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். நிலா கேட்டாள்:

"தாத்தா, உங்களுக்கு வலிக்குமா?"

"மழை வந்தா இடுப்பு புடிச்சுக்கும் கண்ணு. ராத்திரி பொரண்டு படுக்க முடியாது."

"எனக்கும்தான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருடம் அவளுக்கு ஷூ நாடா கட்டிவிட்டவள் நான், எனக்குத் தெரியாது. புலம்பாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்ன வாயை அன்றைக்கு மூடிக்கொண்டேன். அவர்கள் பேசட்டும் என்று பெஞ்சை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றேன்.

நான்கு மணிக்கு ஷூ தயார். 480 ரூபாய். எல்லாப் பிள்ளைகளும் போடுகிற அதே கறுப்பு ஷூ, ஒன்றில் மட்டும் அடி கனம். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். இப்போதெல்லாம் மழை இறங்கினால் வெந்நீர் ஒத்தடத்துக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிடுகிறேன். "ஒண்ணுமில்லம்மா" என்பதை நான் கேட்டுக்கொள்வதில்லை.

போகிறவர்களுக்கு: வியாழக்கிழமை மட்டும் போங்கள்; பத்து மணிக்கே போய்விடுங்கள். பழைய ஷூவைக் கொண்டுபோனால் அளவு சுலபம். வர முடியாவிட்டால் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், அந்த நேரம் இன்னொரு காலுக்கு ஆகும். அளவு எழுதி அனுப்பினால் தபாலிலும் ஷூ வருமாம். அப்படி வாங்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார வையுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.