மாமாவின் முடியும் ஏழாம் நம்பர் படமும்

யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்குப் போட்டோப் பைத்தியம் பிடித்தது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது பிடிக்க வழியில்லை. நைனா கைநாட்டு வைப்பவர். பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, உத்தியோகத்துக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பாய்க்கு இங்கிலீஷ் கடிதங்கள் எழுதிக் கொடுத்துவந்தேன். ஊருக்குத் திரும்பிய பட்டாளத்துக்காரன் ஒருவன் விட்டுப்போன பெட்டிக் காமிரா அவர் கடையில் பழைய டயர்களுக்கு நடுவே கிடந்தது.

“இதுல காத்தும் அடிக்க முடியாது, பஞ்சரும் ஒட்ட முடியாது. எனக்கு எதுக்கு தம்பி? நீ எடுத்துக்கினு போ” என்றார் பாய். கூடவே இரண்டு பிலிம் சுருள், மருந்துப் பொட்டலங்கள், படம் போடும் காகிதம் கொஞ்சம், ஓர் இங்கிலீஷ் கைப்புத்தகம்.

அந்தப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். தினமும் பார்க்கிற பொருளில் யாரும் பார்க்காத அழகைத் தேடு என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் தினமும் பார்க்கிற பொருள்கள் மிகக் குறைவு. ஆகவே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து, அதன் நிழல் நீளும்வரை காத்திருந்து எடுத்தேன். கவிழ்த்த பானையை எடுத்தேன். வாசல் பெருக்கத் துடைப்பத்தைத் தேடி வந்த அம்மா, நான் அதன் எதிரே மண்டியிட்டிருப்பதைப் பார்த்து, நைனாவைக் கூட்டிவந்து காட்டினாள்.

“படிப்பு அதிகமானா இப்படித்தான் ஆவுமா?” என்று நைனா கேட்டார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முதல் சுருள் மாமாவால் போயிற்று. மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்து வீடு. எட்டுப் படமும் உள்ளே சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, நான் இல்லாத நேரத்தில் நடு வெயிலில் பெட்டியைத் திறந்துவிட்டார். “உள்ள ஒண்ணுமே இல்ல மாப்ள, உன்னை ஏமாத்திட்டான் அந்தப் பட்டாளத்தான்” என்று எனக்காக வருத்தப்பட்டார்.

இரண்டாவது சுருளில் எட்டுக்கு ஆறு படங்களைக் கலைக்குச் செலவிட்டேன். நந்தியாற்றில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் எருமை. மலைப்படியில் காய்ந்த காவி வேட்டி. மீண்டும் ஒரு துடைப்பம், வேறு கோணத்தில். மிச்சம் இரண்டு. அந்த இரண்டுக்கும் மாமா பங்கு கேட்டு வந்தார்.

அவர் சங்கதி இதுதான். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. காது இரண்டும் முறத்தைக் கட்டிவிட்டதுபோல் தள்ளி நிற்கும். வந்த இரண்டு இடங்களும் அந்தக் காதால்தான் தட்டிப்போயின என்று அவர் நம்பினார். இதற்கிடையில் அவருடைய உழவு மாடு ஒன்று படுத்துவிட, எழுந்தால் முடி கொடுக்கிறேன் என்று மலைமேல் இருக்கும் சாமிக்கு நேர்ந்துகொண்டார். மாடு மறுநாளே எழுந்துவிட்டது. சாமிக்குக் கொடுப்பது கொஞ்சமாக இருக்கக் கூடாது என்று இரண்டு வருஷம் வளர்த்தார். வளர்ந்த முடி தோள்வரை வந்து காதை மூடிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் மாமா கண்ணாடி முன்னால் அதிகம் நின்றார்.

இப்போது ஆர்.கே.பேட்டையில் ஓர் இடம் கூடிவந்தது. பெண்ணுக்கும் வயது இருபத்து நாலு; அவர்களும் அவசரத்தில் இருந்தார்கள். ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றாள். சாமிக்குச் சொன்னதைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டாக வேண்டும். ஆவணியில் அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வரட்டும்.

“அதுக்குள்ள முடி எங்க வளரும், அக்கா? காதுதான் முதல்ல வந்து அவங்கள வாங்கன்னு கூப்பிடும்” என்றார் மாமா.

“அதுக்கு இன்னா பண்றது? சாமிகிட்ட கடன் சொல்லுவியா?”

மாமா என் பக்கம் திரும்பினார். “மாப்ள, முடியோட ஒரு படம் புடிச்சுக் குடு. வர்றவங்க கையில குடுத்துடலாம். வளந்தா இப்படித்தான் இருப்பான்னு அவங்களே பார்த்துக்கட்டும். நல்லா புடி. இதுவும் போச்சுன்னா நான் மாட்டைக் கட்டிக்கினுதான் காலம் தள்ளணும்.”

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று விடிந்ததும், வெள்ளையடித்த சுவர் முன்னால் அவரை நிறுத்தினேன். எண்ணெய் தேய்த்து வாரிய முடி இரண்டு பக்கமும் காதை மறைத்துக் கறுப்பாக இறங்கியது. புத்தகம் சொன்னபடி சூரியனை என் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, “மாமா, மூச்சை அடக்கிக்கோ” என்றேன். மூச்சை அடக்கினார். முகம் தாசில்தார் முன் நிற்கும் முகம் ஆகிவிட்டது. விசையைத் தட்டினேன். ஏழாம் நம்பர் முடிந்தது.

பிறகு எல்லோரும் சரவணப் பொய்கைக்குப் போனோம். காவடிக் கூட்டம் நெரிந்தது. நாவிதர் வரிசையில் மாமா உட்கார்ந்தார். இரண்டு வருஷத்து முடி கொஞ்ச நேரத்தில் ஈரத் தரையில் விழுந்தது. தலை முழுகிச் சந்தனம் பூசி எழுந்தவர், மலையிலிருந்து காற்று வந்து மண்டையில் பட்டதும் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. “ஐயோ, கூசுதுடா மாப்ள, மண்டை மேல யாரோ ஊதுறாங்கடா” என்று வாய் முழுவதும் திறந்து சிரித்தார். காது இரண்டும் வெயிலில் சிவப்பாகத் தெரிந்தன.

யாரும் பார்க்காத அழகு என்று புத்தகம் சொன்னது இதுதான் என்று எனக்குப் பட்டது. ஓடிப்போய் எதிரில் நின்று, மாமாவின் தலையைக் காமிராக் கண்ணாடிக்கு நடுவில் வைத்து விசையைத் தட்டிவிட்டேன்.

படம் கழுவ இருட்டு வேண்டும். எங்கள் வீட்டில் ஓலை இடுக்கு எல்லாம் வெளிச்சம். மாமா வீட்டு நெல் குதிர் அப்போது காலியாக இருந்தது. மருந்து கலந்த இரண்டு பீங்கான் கோப்பைகளையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். நைனா மேலே மூடி போட்டுக் கம்பளியைப் போர்த்தினார். உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. பிலிமின் இரு முனையையும் பிடித்து மருந்தில் ஏற்றி இறக்க வேண்டும். கடிகாரம் கிடையாது. வெளியிலிருந்து நைனா நூறு நூறாக எண்ணுவது என்று ஏற்பாடு. ஒவ்வொரு நூறுக்கும் ஒரு கூழாங்கல். ஆறு கல் சேர்ந்ததும் குதிரின்மேல் தட்டுவார்.

நாலாவது நூறு ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு குரல் கேட்டது. எதிர்வீட்டுக்காரர்.

“இன்னா குதிராண்ட குந்திகினு எண்ணிகினு கீற? உள்ள நெல்லா?”

“இல்ல. எம் புள்ள.”

“குதிர்லயா?”

“ஆங். படம் கழுவுறான். இருட்டு வேணுமாம்.”

“நான் அப்பவே சொன்னேன், அஞ்சாவதோட படிப்ப நிறுத்துன்னு” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“நைனா, எண்ணு” என்று உள்ளிருந்து கத்தினேன்.

“எத்தினில வுட்டேன்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“நீதானடா படிச்சவன்” என்றார் நைனா.

கடைசியில் உத்தேசமாக நிறுத்தி, உப்புபோன்ற இன்னொரு மருந்தில் போட்டு, வியர்வையில் குளித்து, தலையெல்லாம் உமியோடு வெளியே வந்தேன். பிலிமை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எருமை இருந்தது. துடைப்பம் இருந்தது. எட்டாம் இடம் ஒன்றும் விழாமல் வெறும் கண்ணாடிபோல் இருந்தது. ஏழாம் இடத்தில் நிறையவே இருந்தது.

சந்தோஷத்தில் சுருளைத் திருகி அடுத்த நம்பருக்குக் கொண்டுவர மறந்திருக்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு மாமாவும் விழுந்துவிட்டார்கள். பிலிமின் அடியில் காகிதத்தை வைத்து வெயிலில் காட்டிப் படம் பழுப்பாக எழுந்துவந்தபோது நிலைமை இன்னும் தெளிவாயிற்று. முடி இருந்தது; அதற்குள் மொட்டை மண்டை விளக்குபோல ஒளிர்ந்தது. முறைக்கும் ஒரு வாய். அதற்குச் சற்றுக் கீழே சிரிக்கும் ஒரு வாய். மறைக்கவேண்டிய காது முடியைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றது.

மாமா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இதுல நான் எது மாப்ள?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். நான் காமிராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பாவும் அத்தையும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். மாமாவின் தலையில் கம்பு விதை தூவியதுபோல் கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. முதலில் வரவேற்றது காதுதான். காப்பி குடித்ததும் அத்தை, “முடியோட படம் ஒண்ணு கீதுன்னு தரகர் சொன்னாரே?” என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, விசை, சுருள், ஏழு, எட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். தப்பு காமிராவுடையதல்ல, மாமாவுடையதுமல்ல, என்னுடையது என்று முடித்தேன்.

பெண்ணின் அப்பா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “கூடப் பொறந்தவங்க யாராவது கீறாங்களா மாப்பிள்ளைக்கு?” என்றார்.

“நான் ஒருத்திதாங்க” என்றாள் அம்மா.

அத்தை படத்தை மடியில் செருகிக்கொண்டாள். “பொண்ணாண்ட காட்டிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றாள். வண்டி போனபின் மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தவிட்டைக் கலக்கிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் தரகர் வந்தார். மாமா எழுந்து நின்றுகொண்டார்.

“பொண்ணு பார்த்துச்சாம். ரொம்ப நேரம் பார்த்துச்சாம். அந்த முடி வெச்சவனப் பார்த்தா கடன் கேக்க வந்தவன் மாதிரி கீது, அவன் வேணாம், பின்னால சிரிச்சுகினு கீறான் பாரு மொட்ட, அவன வரச் சொல்லுன்னு சொல்லிச்சாம்” என்றார் தரகர்.

மாமாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “காதப் பத்தி?” என்று கேட்டார்.

“காதப் பத்திக் கேள்வியே இல்ல.”

ஐப்பசியில் முகூர்த்தம் வைத்தார்கள். மாமா ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்தார். ஆனால் நாள் நெருங்க நெருங்க வேறொரு கவலை அவரைப் பிடித்தது. முடி வளர்ந்துகொண்டே வந்தது. கண்ணாடியில் பழைய முகம் எட்டிப்பார்ப்பதாகச் சொன்னார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அம்மாவுக்குத் தெரியாமல் என்னை அழைத்துக்கொண்டு சரவணப் பொய்கைக்குப் போனார். கூட்டமே இல்லை. அதே நாவிதர் கத்தியைத் தீட்டியபடி நிமிர்ந்தார்.

“ஆடியிலதான போட்டுக்கினு போன? மறுபடி இன்னா வேண்டுதல்?”

“பொண்ணு வூட்டு வேண்டுதல்” என்று சொல்லி மாமா தலையைக் குனிந்தார்.