பெரியவர் நாற்காலி

சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் செகரட்டரி. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி ஆபீஸ். முதல் மீட்டிங்கில் மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து, "எம்.டி. சார் இன்னும் வரலையா?" என்று கேட்டேன். அதற்குப் பக்கத்து நாற்காலிக்காரர், "நான்தாம்மா எம்.டி." என்றார்.

அந்தக் காலி நாற்காலி கம்பெனியைத் தொடங்கிய பெரியவருடையது. அவர் இறந்து மூன்று வருடம் ஆகியும் அதில் யாரும் உட்காருவதில்லை. முடிவு எடுக்கும் நேரம் வந்தால் எம்.டி.யும் இரண்டு டைரக்டர்களும் அதைப் பார்ப்பார்கள். "பெரியவர் ஒத்துக்க மாட்டாருங்க" என்று யாராவது சொல்வார். அத்தோடு முடிந்தது. நானும் மினிட்ஸில் 'பெரியவர் விருப்பப்படி' என்று டைப் அடித்துவிடுவேன். எனக்கென்ன வந்தது?

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, மைன்ஸ் மேனேஜர் செல்வராசு சேற்றுக் காலோடு மீட்டிங்குக்குள் வந்தார்.

"நாலாவது பெஞ்சுல வெடிப்பு வுட்டுக்கினு வருது சார். கீழ பம்ப்ல ஆறு பேர் நிக்கிறாங்க. உடனே மேல ஏத்தணும்."

பெஞ்ச் என்பது குழியின் சுவரில் படிபோல வெட்டிய மண் தட்டு. ஆளை ஏற்றினால் பம்ப் நிற்கும், குழி மூழ்கும், ஒரு மாத வேலை போகும். எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

"பெரியவர் எந்த மழைக்கும் பம்ப நிறுத்துனதில்ல" என்றார் எம்.டி. அது அவர் குரலாகவே எனக்குப் படவில்லை.

செல்வராசு நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆளுங்கள மேல ஏத்துங்க."

"சரிங்கய்யா" என்று எம்.டி. எழுந்து நின்றார். டைரக்டர்களும் எழுந்தார்கள்.

மதியம் அந்தப் பெஞ்ச் சரிந்து இறங்கியது. பம்ப் இருந்த இடமே தெரியவில்லை. ஆறு பேரும் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிவு எடுத்தது யாருன்னு மினிட்ஸ்ல போடட்டும் சார்?" என்று செல்வராசுவைக் கேட்டேன்.

"பெரியவர்னே போடுங்கம்மா." அவர் முகம் வெளுத்திருந்தது. "உக்காந்தப்ப சீட்டு சூடா இருந்துச்சுங்க. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

எனக்கும் பயம்தான். ஆனாலும் செல்வராசு என்றே டைப் அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்து, மேலே 'பெரியவர்' என்று எழுதியிருந்தது. எழுதிய கை செல்வராசுவுடையது. அடுத்த மீட்டிங்கில் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து காலி நாற்காலியைப் பார்த்தார்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இங்கே முடிவு எடுப்பது யார் என்று முதல் நாளே கேளுங்கள். பதில் சொல்லுமுன் சொல்பவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.