சோத்தாங்கைப் பிள்ளை

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளை அங்கம்மா பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். குன்னூரில் அதற்கான நான்கு நாள் பயிற்சியும் எடுத்தவள். எந்த மாதத்தில் தலை நிற்கும், எப்போது குப்புற விழும், எப்போது உட்காரும் என்று அவளிடம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை உண்டு.

கொழுந்து பறிக்கும் பிரியாவின் மகள் மனிஷா ஐந்தாம் மாதத்திலேயே கிலுகிலுப்பையை வலது கையால் எட்டிப் பிடித்தாள். எதைக் கொடுத்தாலும் அதே கைதான்.

"பாத்தியா பிரியா, சொல்லித் தராமயே சோத்தாங்கைல வாங்குது!" என்றாள் அங்கம்மா.

"போங்கக்கா. அவ அப்பனுக்கே இன்னும் எது சோத்தாங்கைனு தெரியாது."

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் மெச்சினார்கள். இடது கை விரல் மடங்கிக் கம்பளிக்குள் கிடந்தது. குளிருக்கு அங்கம்மாதான் இறுக்கிச் சுற்றுவாள். அட்டையில் 'பொருளை எட்டிப் பிடிக்கிறது' என்ற இடத்தில் சரி போட்டாள்.

பதினோராம் மாதமும் மனிஷா தவழவில்லை. வலது கையை ஊன்றி உடம்பை ஒரு பக்கமாக இழுத்தாள். அன்றுதான் அங்கம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தாயையும் பிள்ளையையும் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "ஒரு வயசுக்குள்ள குழந்தை ரெண்டு கையையும் நீட்டணும்மா. ஒரே கைன்னா கெட்டிக்காரத்தனம் இல்ல, மத்த கை வேலை செய்யலைன்னு அர்த்தம். மூளையில ஒரு பக்கம் பாதிப்பு. உங்களால வந்ததில்ல. ஆனா பயிற்சிய அஞ்சாறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் பிரியா கேட்டாள்: "ஏங்கக்கா, ட்ரெய்னிங் போனது நீங்கதான? சோத்தாங்கைனு மெச்சுனதும் நீங்கதான?"

அங்கம்மா பிள்ளையின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னபடி தினமும் மூன்று வேளை அந்த இடது கையை நீவி, விரித்து, பொருளைப் பிடிக்கப் பழக்க வேண்டும். "எங்கிட்ட விட்டுட்டுப் போ புள்ள, நான் செய்யறேன்" என்று அங்கம்மா கெஞ்சினாள். பிரியா கேட்கவில்லை. ஒரே வாரத்தில் பிள்ளையை ஸ்ரீமதுரை கிராமத்தில் இருக்கும் தன் அண்ணி ரேகாவிடம் கொண்டுபோய் விட்டாள்.

மூன்று மாதம் பொறுத்து அங்கம்மா அங்கே போனாள்.

"கைக்குப் பயிற்சி பண்றீங்களா?"

"தொட்டாலே அழுவுதுங்க, விட்டுட்டேன். எனக்கும் காட்டு வேலை இருக்குது."

மனிஷாவின் இடது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அங்கம்மா மெதுவாக நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. பிள்ளை வீரிட்டது. ரேகா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.