ஜிம்மியின் குழிமேல் கார்த்திகைப்பூ

நம் கையெழுத்துப் பத்திரிகையை வீடு வீடாக வாங்கிப் படிக்கும் நண்பர்களே, இன்று ஓசூர் பஸ்ஸில் நடந்தது இது.

பக்கத்து சீட்டில் மத்திகிரி மாட்டு டாக்டர். குந்தாரப்பள்ளி சந்தையிலிருந்து கொண்டுவந்த நாய்க்குட்டி எங்கள் கார்த்திகைப்பூக் கொடியின் அடியையே பிறாண்டுகிறதே, அந்தக் கொடி நாய்க்கு ஆகுமா என்று கேட்டேன்.

"கொடி முழுக்க ஆகாதுங்க. கெழங்கு ரொம்பப் பொல்லாதது. தின்னா வாந்தி, பேதி, அப்புறம் பொழைக்கிறது கஷ்டம்."

பிறகு, "உங்க பழைய நாய் ஜிம்மி எதுல செத்துச்சு?" என்றார்.

"பாம்பு கடிச்சுதுன்னு நெனச்சோம் சார். ஒரே வாந்தி."

"வேலியோரம் தோண்டுமா?"

"அங்க இருக்கற கொடி அடியிலதான் சார் தோண்டும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதராஸிலிருந்து வந்த எங்களுக்கு அந்தக் கொடியில் பூ மட்டும்தான் தெரியும். ஜிம்மி எப்போதும் அதன் நிழலில் படுத்திருக்கும் என்பதால், வேலியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து ஜிம்மியின் குழிமேல் நட்டவள் என் மனைவி மேரி. தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். குட்டி பிறாண்டுவது அந்த இடத்தைத்தான்.

நாளை அவள் மாதா கோயிலுக்குப் போனதும் வேலியிலும் குழிமேலும் உள்ள இரண்டு கொடியையும் பிடுங்கிவிடுவேன். திரும்பி வந்து கேட்பாள். என்ன காரணம் சொல்லலாம் என்று இன்றிரவே இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, என் கையில் கொடுங்கள்.

இந்த இதழை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.