இரண்டு பக்கமும் எண்

எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்தில் பதினாறு வருடம் தறி ஓட்டினேன். பஞ்சுத் தூசு நெஞ்சில் இறங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. இனித் தறிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. கூடத்துக்கு வெளியே தூசு இல்லாத ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே உட்கார்ந்து அட்டை கோர்க்கச் சொன்னார். இரண்டு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் இரு என்றார். சரிப்படாவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

அட்டை என்றால் டிசைன் அட்டை. அதில் ஓட்டைகள் இருக்கும். தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் பெட்டி நூலைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஒரு தடவை ஓட ஒரு அட்டை. ஒரு வரிசை மயில் நெய்ய முந்நூற்று இருபது அட்டை வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக நூலில் கோர்த்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அப்புறம் அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. மாலை மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கீழே துணியில் மயில் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

அட்டையில் ஒரு பக்கம்தான் எண் எழுதுவார்கள். நான் இரண்டு பக்கமும் எழுதினேன். தறி ஓட்டுகிறவர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். எந்தப் பக்கம் தெரிந்தாலும் எண் தெரியட்டும் என்று நினைத்தேன். எத்தனையோ நாள் எனக்கே கழுத்து வலித்திருக்கிறது.

நான் கோர்த்த முதல் டிசைன் சேலம் கடை ஒன்றுக்குப் போகும் பெட்ஷீட். மயில் அத்தனையும் வலது பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தறியை ஓட்டியவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கோவில் நோம்பிக்கெல்லாம் பம்பை அடிக்கப் போவார். அவரைத் தம்பி என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

முதல் பெட்ஷீட் அறுத்து வந்ததும் முதலாளி அதைத் தரையில் விரித்தார். ஒரு வரிசை மயில் வலது பக்கம் பார்த்தது. அடுத்த வரிசை இடது பக்கம் பார்த்தது. அதற்கடுத்தது வலது. இப்படியே கடைசி வரைக்கும்.

"என்ன அம்மிணி, மயிலுக்குள்ள சண்டையா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தறிக்குப் போய் அட்டையை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம். ஒன்று முதல் முந்நூற்று இருபது வரை எண்ணினேன். ஒன்றுகூட விட்டுப் போகவில்லை, இடம் மாறவில்லை. தறியை ஓட்டினோம். மயில் இடது பக்கம் பார்த்து இறங்கியது. மறுபடி எண்ணினோம். சரியாக இருந்தது. ஓட்டினோம். இந்தத் தடவை வலது பக்கம் பார்த்தது.

தம்பி சொன்னார்: "சத்தம் சரியாத்தானுங்க இருக்குது. ஒரு அட்டை பெசகுனாலும் எங்காதுக்குத் தெரிஞ்சிரும்."

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எண்ணுனா சரிங்கறா இவ. கேட்டா சரிங்கற நீ. எங்கண்ணு மட்டும் பொய் சொல்லுதாக்கும்?"

பெட்ஷீட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். இல்லீன்னா முன்ன அட்டை கோத்துட்டிருந்த ஆளையே குமாரபாளையத்துல இருந்து வரச் சொல்லிர்றேன் அம்மிணி. தப்பா நெனச்சுக்காதே."

தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்று வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை டீ நேரம். எல்லோரும் வெளியே போனார்கள். தம்பி போகவில்லை. நின்ற தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, இதக் கொஞ்சம் பாருங்க. ஏழு அடி. வலது கையில ஆரம்பிக்கறேன். அடுத்த ஏழு எந்தக் கையில ஆரம்பிக்குது?"

"இடது."

"அதுக்கடுத்தது?"

"வலது."

"கேக்கறவங்களுக்கு ஒரே அடிதானுங்க. கையப் பாக்கறவங்களுக்குத்தான் மாறுறது தெரியும். ரெண்டு சுத்து போனாத்தான் கை பழைய எடத்துக்கு வரும். உங்க மயிலும் அப்படித்தான் பண்ணுது."

"அப்ப சுத்துல எங்கியோ கை மாறுது" என்றேன்.

"அதச் சொல்லத்தான் டீக்குப் போகாம குக்கீட்டிருக்கறேன்."

துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸை எடுத்தேன். முதல் அட்டையில் எங்கள் பக்கம் தெரிந்த முகத்தில் வைத்தேன். அவர் அட்டையை மெல்ல நகர்த்தினார். நான் கையை எடுக்காமல் கோடு இழுத்துக்கொண்டே போனேன். முந்நூற்று இருபது முடிந்து முதல் அட்டை திரும்ப வந்தது. அதில் கோடு இல்லை. திருப்பிப் பார்த்தேன். நான் தொடங்கின கோடு பின்னால் இருந்தது.

கையை எடுக்காமல் இன்னொரு சுற்று இழுத்தேன். இப்போது தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது. எல்லா அட்டையிலும் இரண்டு பக்கமும் நீலக் கோடு. ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு பக்கம் உண்டு. கோர்த்து முடித்த மாலைக்கு ஒரே பக்கம்தான் இருந்தது.

கடைசி முடிச்சுப் போடும்போது மாலை ஒரு புரள் புரண்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. எண் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அடுத்த சுற்றில் வெறும் அட்டை கண்ணில் பட்டிருக்கும். நான் இரண்டு பக்கமும் எழுதிவைத்தேன். புரண்ட அட்டையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தது. பெட்ஷீட்டை மறுபடி உற்றுப் பார்த்தேன். அட்டை புரண்ட சுற்றில் ஓட்டை கொஞ்சம் தள்ளி விழுந்ததால், இடது பக்கம் பார்த்த மயிலுக்கு மட்டும் இறகு ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டும்.

தம்பி குரலைத் தாழ்த்தினார். "அவுத்துக் கட்டிருங்க்கா. பெட்டிக் கோளாறுன்னு சொல்லிக்கலாம். நானும் ஆமாங்கறேன்."

அவர் சொன்னது எனக்காக. அதை மறக்க மாட்டேன். ஆனால் பெட்டிக் கோளாறு என்றால் அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் ஓட்டினவர் அவர் என்று ஆகும். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன். நான் கட்டின முடிச்சு, நான் எழுதின எண் என்று சொன்னேன்.

முதலாளி கோட்டின் மேல் விரல் வைத்து அவரும் ஒரு சுற்றுப் போனார். பின்பக்கம் வந்து நின்றார். நம்பவில்லை. மறுபடி போனார். மூன்றாவது தடவை சிரித்துவிட்டார்.

"தப்புப் பண்ணுனவளை ஊட்டுக்கு அனுப்போணும். கண்டுபுடிச்சவளை வெச்சுக்கோணும். ரெண்டும் நீயாவே இருந்தா நான் என்னத்த பண்றது, அம்மிணி?"

"தெரியலீங்க."

"தெரியலைன்னா போய் முடிச்ச மாத்திக் கட்டு."

கட்டினேன். மயில் எல்லாம் வலது பக்கம் திரும்பின. இரண்டு மாதம் என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. அது ஆகி ஐந்து வருடம். இன்றும் கடைசி முடிச்சுக்கு முன்னால் ஓரத்தில் விரலை வைத்து ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் கட்டுகிறேன். எண் ஒரு பக்கம் மட்டும்தான்.

முதல் பெட்ஷீட்டை முதலாளியம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். அதன்மேல்தான் படுக்கிறேன். மூச்சு நன்றாக வருகிறது.

போன மாரியம்மன் நோம்பியில் தம்பி பம்பை அடித்தார். எல்லோரும் கரகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு முடிந்து எட்டாவது அடி இடது கையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.